அப்பாவுக்கு மட்டும் வணக்கம்

எங்கள் சபையில் யாரும் யாருக்கும் வணக்கம் சொல்ல மாட்டார்கள். ஸ்தோத்திரம்தான். சந்தையில் பார்த்தாலும் ஸ்தோத்திரம், போனை எடுத்தாலும் ஸ்தோத்திரம். வணக்கம் என்பது வெளியாளுக்கு. அந்த வணக்கத்தைத்தான் என் அப்பாவுக்குச் சொன்னார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா செய்தது தப்புதான், இல்லையென்று சொல்லவில்லை. வடக்கனந்தலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்குக் கரும்பு வெட்டும் வேலை. ஞாயிற்றுக்கிழமை சபையில் டோலக் வாசிப்பார். அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்குக் காலையிலேயே குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பூசணியும் சோளமும் சேவலுமாகக் காணிக்கை சுமந்து ஜனங்கள் மெதுவாகப் பாடிக்கொண்டு வர, அப்பாவின் டோலக் மட்டும் மாரியம்மன் தேருக்கு முன்னால் ஓடுவதுபோல் ஓடியது. பிறகு அப்பாவே அதன்மேல் குப்புற விழுந்தார். டோலக்கின் தோல் கிழிந்தது. சேவல் ஒன்று மிரண்டுபோய் பிரசங்க மேடையில் ஏறிக்கொண்டது. பிள்ளைகள் எல்லோரும் சிரித்தோம். விழுந்தது அப்பா என்று உறைக்கும் வரைக்கும் நானும் சிரித்தேன்.

அப்புறம் ஒழுங்கு நடவடிக்கை. டோலக்கைத் தொடக் கூடாது. மனந்திரும்பியது உறுதியாகும்வரை திருவிருந்தில் எல்லோருக்கும் பகிரும் அப்பமும் திராட்சரசமும் கிடையாது. கதவோரம், செருப்பு கிடக்கும் இடத்தில்தான் உட்கார வேண்டும். இவ்வளவையும் பேசி முடிவு செய்தார்கள். வணக்கத்தை மட்டும் யாரும் பேசி முடிவு செய்யவில்லை. சபையை நடத்தியவர் மூப்பர், உரக்கடை வைத்திருந்தவர். அடுத்த ஞாயிறு வாசலில் நின்று எல்லோருக்கும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தவர், அப்பாவைக் கண்டதும் "வணக்கம்பா" என்றார். மூப்பரே சொன்ன பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? சபை முழுக்க வணக்கம் போட ஆரம்பித்தது. வணக்கமாம் வணக்கம்! ஓட்டுக் கேட்டு வந்தவனுக்குச் சொல்வதுபோல.

அப்பா ஒவ்வொருவருக்கும் "தோத்திரங்க" என்று பதில் சொல்லிவிட்டுச் செருப்புக்குப் பக்கத்தில் போய் உட்காருவார். ஒரு ஞாயிறும் தவறவில்லை. வேலைக்கு உளுந்தூர்பேட்டைப் பக்கம் போனால்கூட சனிக்கிழமை பஸ் பிடித்து வந்துவிடுவார். எனக்குத்தான் மானம் போனது.

"மருவாதி இல்லாத எடத்துக்கு இன்னாத்துக்குப்பா போய்க்கினு கீற?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"என் வூட்டுக்கு நான் போறேன். உனக்கு இன்னா?" என்றார்.

வீடாம்! எந்த வீட்டில் ஆளைச் செருப்போடு உட்கார வைப்பார்கள்?

கரும்பு வெட்டு முடிந்து வெயில் ஏறியது. அதுவரை அப்பா ஒரு சொட்டுத் தொடவில்லை. கடைசியில் மூப்பருக்கு மனமிரங்கியது. "வர்ற திருவிருந்துக்கு உன்ன சேத்துக்கலாம்னு இருக்கோம்பா" என்றார். அம்மா அன்றைக்கே அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் துவைத்து நீலம் போட்டாள்.

திருவிருந்துக்கு முந்தின நாள் நைனார்பாளையத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. போன அப்பா தள்ளாடிக்கொண்டு வந்து சேர்ந்தார். மாமன் மச்சான்கள் பிடித்து ஊற்றிவிட்டார்களாம்! இவர் வாய் எங்கே போயிற்று? அம்மா சத்தம் வராமல் தலையில் அடித்துக்கொண்டாள், அக்கம்பக்கம் தெரிந்துவிடக் கூடாதே என்று. சபையில் ஈ காக்கைக்குக்கூட விஷயம் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அப்பா உள்ளே போய்விடலாம். காலையில் வழியெல்லாம் படித்துப் படித்துச் சொன்னேன். "இன்னிக்கு ஒரு நாளு கம்முனு இருப்பா."

இருந்தாரா மனுஷன்? மூப்பர் சிரித்த முகமாகக் கையை நீட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அப்பா கையைக் கொடுக்கவில்லை.

"நேத்து குடிச்சிட்டேங்க. நான் அங்கயே ஒக்காந்துக்கறேன். வராம மட்டும் இருக்க முடியல" என்று சொல்லிவிட்டுச் செருப்புப் பக்கம் திரும்பினார். நான் அவர் கையைக் கிள்ளியதெல்லாம் வீணாய்ப் போனது. உள்ளே பாட்டு நின்றது.

மூப்பர் திட்டப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"தோத்திரம்பா" என்றார். "தோத்திரம். இத்தினி நாளா உனக்கு சொல்லாம வுட்டுட்டேன்" என்று அப்பாவின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், தன் பக்கத்திலேயே பாயில் உட்காரவைத்துக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம்! "ஒழுங்கா வந்தப்பல்லாம் வணக்கம், குடிச்சிட்டு வந்தா தோத்திரமா? இது இன்னா நாயம்?" என்று கத்திவிட்டேன். சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அம்மா என் வாயைப் பொத்தி முதுகில் ஒன்று வைத்தாள்.

அப்பம் வந்தது. அப்பா இரண்டு கையையும் ஏந்தி வாங்கினார். வாங்கியவர் தோள் குலுங்க அழுதார். செருப்போரம் உட்கார்ந்திருந்த அத்தனை ஞாயிறிலும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன்.

அதற்குப் பிறகும் அப்பா விழாமல் இல்லை. விழுந்த மறுநாள் சபைக்குப் போகாமலும் இல்லை. நானோ அந்தத் திருவிருந்து முடிந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்திலும் தெருவிலும், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் பொருமிக்கொண்டு திரிந்தேன். எங்கப்பாவுக்குச் சேரவேண்டியதை எப்போதோ கொடுத்திருக்க வேண்டும், இழுத்தடித்துக் கொடுத்தார்கள், அந்த வயிற்றெரிச்சலில்தான் அவர் அழுதார் என்று. தனக்குச் சேரவேண்டியது கைக்கு வந்தவன் அப்படி அழ மாட்டான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.