அரை வயிற்றுச் சோறு

அப்போது நாங்கள் கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. மூத்த பிள்ளை வயிற்றில் இருந்தபோது தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் நான் தனியாகத்தான் கிடந்தேன்.

ஏழாம் மாதம் தொடங்கியதும் பக்கத்துக் காம்பரா அத்தை வந்தார். "இனிமே அரை வயித்துக்குச் சாப்புடும்மா. புள்ள பெருத்துட்டா பெத்தெடுக்க ஏலாது" என்றார். எங்கள் லயத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அவர் அன்பாகத்தான் சொன்னார். காலையில் வெறும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு ரப்பர்ப் பால் வெட்டப் போவேன். தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்கிற சோற்றைக் குறைப்பது கஷ்டமாகவே இல்லை.

பிரசவமும் லேசாகத்தான் ஆனது. ஆனால் மகளுக்கு அழக்கூடப் பலம் இல்லை. மறுநாளே ஆஸ்பத்திரியில் இறந்துபோய்விட்டாள். "எடையே இல்லைம்மா. நீங்க ஒழுங்கா சாப்புடலையா?" என்று மருத்துவமாது கேட்டார். கணவர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பெண்கள் போகும் வழக்கம் இல்லை. ரப்பர் மரங்களுக்கு நடுவே எந்த இடம் என்று யாரும் எனக்குக் காட்டவில்லை. பால் கட்டி மார்பு வலித்தது. அதைச் சொல்லவும் ஆள் இல்லை.

இப்போது லயத்தில் யார் முழுகாமல் இருந்தாலும், மத்தியானம் என் சோற்றுத் தட்டோடு அவள் காம்பராவுக்குப் போய்விடுவேன். "எனக்குத் தனியா சாப்புட ஏலாது புள்ள, நீயும் ஒக்காரு" என்பேன். அவளைச் சாப்பிட வைக்கச் சொல்லும் பொய் என்று நினைத்துச் சிரிப்பாள்.

அது பொய் இல்லை.