பரப்பும் ஏக்கரும்

அச்சுவேலியில் வெங்காயத் தோட்டம் செய்கிற அவரை ஒரே ஒரு முறைதான் சந்தித்தேன். மெலிந்த உடம்பு, நகக்கண்ணெல்லாம் செம்மண். பேச்சுக்கு நடுவே தோளில் தொங்கிய தண்ணீர்ப் போத்தலை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

ஒரு பயிர் விதையிலிருந்து சமையலறைக்கு வரும்வரை மண்ணையும் நீரையும் எவ்வளவு கெடுக்கிறது என்று கணக்கிடும் தரவுத்தளத்தில் எனக்கு வேலை. அவர் ஒரு பரப்புக்குச் சொன்ன உர அளவை எங்களில் யாரோ ஏக்கருக்கென்று பதிந்துவிட்டார்கள். ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. அளவு பதினாறில் ஒன்றாகிவிட, எங்கள் கணக்கின்படி அவருடைய உரம் நிலத்தடி நீரைக் கிட்டத்தட்டத் தொடவே இல்லை. சரியான அளவை மறுபடி கேட்கத்தான் போயிருந்தேன்; நடந்த பிழையையும் அவரிடம் சொன்னேன்.

"பிழை எண்டு எப்ப தெரியும், பிள்ளை?"

"மூண்டு வருசமாத் தெரியும், ஐயா."

"பிறகேன் திருத்தேல்லை?"

"தெரிஞ்ச பிழையள் எண்டு ஒரு பட்டியல் இருக்கு. அதிலை போட்டிருக்கிறம்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். கிணற்றுக்கட்டின் மேல் சிவப்புப் பெயின்றால் 'குடிக்க உதவாது' என்று எழுதியிருந்தது.

"நான்தான் எழுதினனான். எழுதிப்போட்டு உரத்தைக் குறைக்கேல்லை. குறைச்சால் வெங்காயம் பருக்காது."

"பக்கத்து வீட்டு வளவுக் கிணறு?"

போத்தலைத் தொட்டார்.

"அவை குடிக்கினம். ஆர் போய்ச் சொல்லுறது?"

என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டாரா என்று இன்றுவரை தெரியவில்லை. வேலிக்கு அப்பால் வாளி இறங்கும் சத்தம் கேட்டது. நானும் சொல்லாமல்தான் பஸ் ஏறினேன்.