மாமனாரின் ஐந்து கிலோ வரகு

என் மாமனார் கடைசியாக அறுத்த வரகில் ஐந்து கிலோ, அயனம்பாக்கத்தில் எங்கள் பிளாட்டின் பரணில் ஒரு வருடமாகக் கிடந்தது. அவருடைய முதல் வருடத் திதி ஞாயிற்றுக்கிழமை. "படையல்ல அப்பாவோட வரகுச் சோறுதான் வெக்கணும்" என்றாள் என் மனைவி கவிதா. அதனால் சனிக்கிழமை காலை 9.10க்கு மூட்டையோடு ஸ்கூட்டரில் கிளம்பினேன்.

(முந்தின வாரமே ஒரு கைப்பிடியைக் குக்கரில் போட்டு நாலு விசில் விட்ட மேதாவி நான். உமியோடு! கவிதா ஒரு வாய் மென்றுவிட்டு, "அப்பா இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு" என்றாள். பிறகு அழுதாள்.)

சென்னீர்குப்பம் வழியாகப் பூந்தமல்லி எட்டு கிலோமீட்டர். நெரிசலில் நாற்பது நிமிடம். மாவு மில் பாய் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"இது மாவு மிஷினு தம்பி. இதுல போட்டா தோலும் சேந்து மாவாப் பூடும். நசரத்பேட்டைல நெல்லு அரைக்கிற அக்கா ஒர்த்தங்க கீறாங்க, அங்க போ."

இன்னும் நான்கு கிலோமீட்டர். அந்த அக்காவுக்கு என் வயதுதான் இருக்கும். வரகுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகத் தோல், நெல் மாதிரி ஒரே ஓட்டத்தில் உரியாது என்றார். நான் மூட்டையை அப்படியே கொட்டப் போனேன்.

"இன்னா சார், மொத்தத்தையும் உரிச்சிக்கினு போய் இன்னா பண்ணப் போற? தோலு போச்சின்னா ரெண்டு மூணு மாசத்துல பூச்சி வந்துரும். தோலோட வெச்சா வருசக்கணக்கா அப்டியே கெடக்கும். யாரு வெளச்சது?"

சொன்னேன். அவர் ஒரே ஒரு கிலோவை அளந்து எடுத்துக்கொண்டு, மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டி என்னிடமே கொடுத்தார். ஐந்து ஓட்டம், முறத்தில் புடைத்தது எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம். கூலி நாற்பது ரூபாய். அரைக் கிலோவுக்குச் சற்று மேல் அரிசி தேறியது.

நீங்களும் வரகு மூட்டையோடு கிளம்புவதாக இருந்தால், உமி நீக்கும் மில்லா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டியதை மட்டும் உரியுங்கள். சமைக்கும்போது ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர்.

ஞாயிறு மதியம் காக்கைக்கு வைத்துவிட்டுச் சாப்பிட்டோம். சோறு பொலபொலவென்று வந்திருந்தது. கவிதா இரண்டாம் முறை போட்டுக்கொண்டதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது. மீதி மூட்டையைப் பரணில் ஏற்றினேன்.

கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "வருஷத்துக்கு ஒரு கிலோன்னா, அப்பா இன்னும் நாலு வருஷம் நமக்குச் சோறு போடுவாருல்ல?" என்றாள்.