அந்தோணி காட்டிய விரல்

பேய்க்கதையை யாராவது எடுத்தால் பாதியில் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருபது வருஷமாகக் கோத்தகிரிப் பக்கம் ஜீப் ஓட்டுகிறேன், காட்டுக்குள் வண்டி நின்றுபோய் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன், யானை வந்திருக்கிறது, கரடி வந்திருக்கிறது, பேய் ஒன்றுகூட வந்ததில்லை. இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்களும் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

கட்டபெட்டைத் தாண்டி எஸ்டேட் வழியாக மேலே ஒரு மண்சாலை போகிறது. அது முடிகிற இடத்தில்தான் மலையேறுகிறவர்கள் இறங்கி, மூன்று நாள் காட்டுக்குள் நடக்கிற பாதையைப் பிடிப்பார்கள். ஒரு வண்டிதான் போகலாம். ஒதுங்குவதற்கு அங்கங்கே கொஞ்சம் அகலமான இடம் உண்டு. அதனால் டிரைவர்களுக்குள் ஒரு வழக்கம். இறங்கி வருகிறவன், ஏறுகிறவனைத் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே விரலைக் காட்டுவான். ஒரு விரல் என்றால் பின்னால் இன்னும் ஒரு வண்டி வருகிறது, ஒதுங்கியே நில் என்று அர்த்தம். ஒன்றும் காட்டாவிட்டால் வழி காலி. முகம் பார்க்காத சண்டைக்காரனாக இருந்தாலும் இதை மட்டும் யாரும் மறைக்க மாட்டார்கள்.

நான் மறைத்தேன். அந்தோணி என்று ஒருத்தன், என்னோடு ஒரே ஸ்டாண்டில் ஓட்டியவன். என்னுடைய வாடிக்கை ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டான் என்று ஒரு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. போன வருஷம் மழைக்காலத்தில் நான் இறங்கி வருகிறேன், எனக்குப் பின்னால் பச்சைத் தேயிலை ஏற்றிய டிராக்டர், எதிரே அவன். தாண்டும்போது அவன் கண் என் கையைத்தான் தேடியது. நான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், முகத்தை நேராக வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். டிராக்டரைப் பார்த்துவிட்டு ரிவர்ஸிலேயே இறங்கிக் கழுத்து வலிக்கட்டும் என்று நினைத்தேன், அல்லாமேல் ஆணையாக அவ்வளவுதான். வளைவில் இரண்டும் மோதி, அவன் ஜீப் பள்ளத்தில் போய்விட்டது. சத்தம் கேட்டு முதலில் ஓடியவனும் நான்தான். அதற்காக ஊரே என்னைப் பாராட்டியது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவன் போய்ச் சேர்ந்தான்.

இந்த வருஷம், அதே சாலை, காலை ஏழு மணி, நல்ல பனிமூட்டம். சென்னையிலிருந்து வந்த நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகிறேன். அந்த வளைவுக்குக் கொஞ்சம் கீழே ஒரு ஜீப் இறங்கி வந்தது. ஒதுங்கிக் கொடுத்து, வழக்கம்போல ஒரு வணக்கத்துக்குக் கையைத் தூக்கினேன். உரசாத குறையாக அது என்னைத் தாண்டியது. நம்பினால் நம்புங்கள், ஓட்டியவன் அந்தோணி. அவனுடைய அதே மெரூன் ஸ்வெட்டர். என் பக்கம் திரும்பவே இல்லை, ஒரு விரலை மட்டும் வெளியே நீட்டிக் காட்டிவிட்டுப் போனான்.

இன்ஜினை அணைத்தேன்.

"ஏண்ணா நிறுத்திட்டீங்க?" என்றாள் முன்சீட்டில் இருந்த பெண்.

"பின்னால ஒரு வண்டி வருதுங்க. இப்பப் போனவரு கை காட்டினாருங்க."

"யாரு போனாங்க? ஒரு வண்டியும் வரலையே. நீங்களாத்தான் ஒதுங்கினீங்க, நீங்களாத்தான் கையத் தூக்கினீங்க."

பின்சீட்டில் சிரித்தார்கள். அப்புறம் நேரமாகிறது என்று எரிச்சல்பட ஆரம்பித்தார்கள். நான் அசையவில்லை. பத்து நிமிஷம் போயிருக்கும், வளைவிலிருந்து ஒரு விறகு டிராக்டர் தறிகெட்டுப் பாய்ந்து வந்தது, எங்களைத் தாண்டி மண்திட்டில் முட்டி நின்றது. டிரைவர் இறங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பிரேக்கு புடிக்கலீங்க பாய். நீங்க மட்டும் வளைவுல இருந்திருந்தீங்கன்னா எல்லாரும் பள்ளத்துலதானுங்க."

சென்னை ஆட்களை மேலே இறக்கிவிட்டு நேராக அந்தோணி வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ஸ்டெல்லாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும், இனி என்னால் முடியாது என்றுதான் போனேன். அவள் டீ கொடுத்தாள்.

"ஸ்டெல்லா, அன்னைக்கு அவன் எதிர்ல வந்தப்ப நான் வெரலு..." என்று ஆரம்பித்தேன்.

"அட, அதை இன்னும் நெனச்சுட்டு இருக்கீங்களாண்ணா?" என்றாள். "ஆஸ்பத்திரில அவரே சொன்னாருங்க. 'பாய் ஒரு வெரலு நல்லாத்தான் காட்டினான், நாந்தான் அவசரப்பட்டு ஏறிட்டேன்'னு. தப்பு அவரு மேலதானுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?"

ஒரு வருஷமாகப் புருஷன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு வாழ்கிறாள். திருத்த எனக்கு வாய் வரவில்லை. டீயைக் குடித்தேன், வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அவ்வளவுதான் என் யோக்கியதை.

சாகும்போதும் என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னானா, இல்லை நிஜமாகவே என் ஜன்னலில் ஒரு விரலைப் பார்த்தானா, தெரியவில்லை. பொய் என்றால் அந்த அவமானத்தோடு நான் எப்படியாவது இருந்துவிடுவேன். பார்த்தான் என்றால்தான் பயமாக இருக்கிறது. என் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.