கொண்டைக்கு வாங்கிய ஹெல்மெட்

நாற்பத்திரண்டு வயதில்தான் பைக் ஓட்டக் கற்றுக்கொண்டேன். நெல்லித்தோப்பில் ஹெல்மெட் வாங்கப் போனபோது, என் தலைக்குச் சரியான அளவு கொண்டையில் இடித்தது. ஒரு அளவு பெரியதாகக் கேட்டேன்.

"தலைக்கு வாங்குறீங்களா, கொண்டைக்கு வாங்குறீங்களாக்கா?" என்றாள் கடைக்காரப் பெண்.

எனக்குச் சுருக்கென்றது. "எனக்குத் தெரியும், நீ பில்லப் போடும்மா."

பத்து நாளில் பயம் விட்டுப்போனது. ஒரு நாள் காலை வீராம்பட்டினம் போகும் வழியில், திருப்பத்தில் கிடந்த மணலில் வண்டி சறுக்கி ஓரமாக விழுந்தேன். தாடைப் பட்டையை மாட்டியிருந்தும் ஹெல்மெட் தலையிலிருந்து கழன்று நடுரோட்டுக்கு உருண்டது. பின்னால் வந்த லாரி அதன்மேல் ஏறியது. அது நொறுங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வீட்டுக்குப் போகும் முன், கொண்டையை அவிழ்த்துப் பின்னலிட்டுக்கொண்டு அதே கடைக்குப் போனேன். அவள் என் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்தாள். அதே நிறத்தில் சரியான அளவை எடுத்து மாட்டிவிட்டு, "தலைய ஆட்டிப் பாருங்கக்கா" என்றாள். ஹெல்மெட் அசையவில்லை.

விழுந்ததை மட்டும் வீட்டில் சொன்னேன். என் மகள் அந்தப் புது ஹெல்மெட்டைத் தடவி, "இதுதாம்மா உன்னக் காப்பாத்துச்சு" என்றாள். இல்லையென்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.