அப்பாவுக்கு விழுந்த கைதட்டல்

அன்றைக்கு மேடையில் இருந்தது மூன்று பேர்: சாராய வியாபாரியாக என் கூட்டாளி தாமு, இன்ஸ்பெக்டராக நான், படுதாவுக்குப் பின்னால் வசனத்தாளோடு நாடகம் எழுதிய குமார் அண்ணன். மேடையோரம் லுங்கியும் பனியனுமாக நின்றிருந்த அப்பா நாடகத்தில் இல்லை, ஆனால் என் உடம்பெல்லாம் அவருடைய பீடி வாசம், ஏனென்றால் நான் மாட்டியிருந்தது அவருடைய சீருடை.

வல்லக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் காணும் பொங்கலுக்கு இளைஞர் மன்றம் நாடகம் போடும். அப்பா ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் "செக்கூரிட்டி". பண்டிகைக்கும் லீவு கிடையாது. காண்ட்ராக்டர் கொடுத்தது ஒரே செட் நீலச் சீருடைதான். போலீசுக்குக் காக்கி ஆயிற்றே என்று நான் கவலைப்பட்டதற்கு, "மைக்ல இன்ஸ்பெக்டருன்னு சொல்லிட்டா ஜனம் நம்பிக்கும்டா" என்றார் குமார் அண்ணன். இன்னொரு தடவை லேட்டாக வந்தால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்ததால், "பன்னெண்டுக்குள்ள குடுத்துடணும், ஒரு மணி பஸ்ஸ வுட்டா அவ்ளோதான்" என்று சொல்லித்தான் அப்பா கழற்றிக் கொடுத்தார்.

காலையில் தொடங்க வேண்டிய நாடகம், தலைமை தாங்க வருகிறவருக்காகக் காத்துக் காத்துப் பன்னிரண்டுக்கு மேல்தான் தொடங்கியது. மேடையோரத்திலிருந்து அப்பா மணிக்கட்டைத் தட்டித் தட்டிக் காட்ட, நடுவிலிருந்த இரண்டு காட்சியை விழுங்கிவிட்டு நேரே போய் தாமுவின் கையைப் பிடித்து, "உன்னைக் கைது செய்கிறேன்" என்றேன்.

"நான் இன்னும் ஒண்ணுமே பண்லியே சார்!" என்றான் தாமு.

"டேய், அவன் இன்னும் சாராயமே காச்சலடா!" என்று படுதாவுக்குப் பின்னாலிருந்து குமார் அண்ணன் கத்தியது மைக்கில் ஊர் முழுக்கக் கேட்டது.

அந்தச் சிரிப்புக்கு நடுவே அப்பா மேடை ஏறிவிட்டார். "கழட்றா, பஸ்ஸு திருப்பத்துல நிக்குது!"

நாடகம் படுத்துவிடக் கூடாதென்று தாமு முறைத்தான். "யோவ், யார்யா நீ?"

"நான்தான்யா செக்கூரிட்டி!"

விசில் பறந்தது. நான் டவுசரோடு நிற்க, அப்பா லுங்கிமேலேயே பேண்டை இழுத்து மாட்டிக்கொண்டு ஓடினார், அதற்கும் கைதட்டினார்கள். பஸ் போய்விட்டிருந்தது. ஏதோ லாரியில் தொற்றிக்கொண்டு போனவரைக் கம்பெனி கேட்டிலேயே நிறுத்தி, தொப்பியையும் பெல்ட்டையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் அவர் நடந்து வீடு வந்தபோது என் கையில் ஓர் எவர்சில்வர் தட்டு. சிறந்த நகைச்சுவை நடிகர் என்று அப்பா பெயரைத்தான் மைக்கில் சொன்னார்கள். அவருக்காக நான் போய் வாங்கி வந்திருந்தேன். அப்பா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடா, ரெண்டு பேரு நடிச்சதுக்கு ஒரு தட்டுதானா?"

அதற்குப் பிறகு அவருக்கு நிலையான வேலை அமையவில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது நான் ஒரு மெஸ்ஸில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

மேடை போட்ட இடத்தில் இப்போது கம்பெனி வேன்கள் நிற்கின்றன. மன்றம் இல்லை, அப்பாவும் இல்லை. இரண்டு மணிக்குத் தொடங்கும் கம்பெனி ஷிப்டுக்கு நான் பதினோரு மணிக்கே யூனிபார்மை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். "பஸ்ஸு வர எவ்ளோ நேரம் கீது, இப்பவே இன்னாத்துக்கு மாட்டிக்கினு குந்திக்கிற?" என்று என் மனைவி தினமும் கேட்டுக்கொண்டே அந்தத் தட்டில் சோறு போட்டுத் தருகிறாள். சட்டையில் குழம்பு சிந்திவிடுமோ என்று, பாதி வயிற்றோடு எழுந்துவிடுகிறேன்.