சூசையப்பரின் பிள்ளையும் அருளப்பரின் காணியும்

1. கந்தோரில்

மன்னார் பட்டினத்தில், காணிப் பத்திரம் முடித்துக் கொடுக்கும் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். உறுதி என்கிற அந்தப் பத்திரத்தை எழுதுவதும், கையெழுத்துக்கு முன் அதை உரத்து வாசித்துக் காட்டுவதும் என் வேலை. காணி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சங்கிலிபோல வாசிக்க வேண்டும். நடுவில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "விளங்கிச்சோ? ஆட்சேபணை ஏதும் இருக்கோ?" என்று கேட்பேன். அந்தப் பார்வையில் ஒரு நீதவானின் களை இருப்பதாக நம்பியிருந்தேன். கண்ணாடி மூக்கில் நிற்காததுதான் காரணம் என்பாள் மனைவி.

ஒரு மார்கழியில் எங்கள் ஊர் தலைமன்னாரிலிருந்து அருளப்பர் வந்தார். கடல் தொழில் செய்பவர்; மனைவியை இழந்தவர். வீட்டுக் காணியை மகள் ஜெனிற்றாவுக்கு நன்கொடையாக எழுத வேண்டும்; தையில் அவளுக்குக் கல்யாணம். ஜெனிற்றா அவர் பெற்ற பிள்ளை அல்ல. அவர் கல்யாணம் முடித்தபோதே மனைவியின் கையில் இருந்த குழந்தை.

சாட்சிக் கையெழுத்து வைக்கக் கூட வந்த அவருடைய அக்கா திரேசம்மா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மகள் எண்டு எழுதாதையும் தம்பி. வளர்த்த பிள்ளை எண்டு எழுதும். இது எங்கட அப்புவின்ர காணி. எங்கட வம்சம் வேற."

நொத்தாரிசு ஐயா அருளப்பரைப் பார்த்தார். "சட்டப்படி அக்கா தேவையில்லை. வேற சாட்சி போடலாம்."

"சட்டத்துக்குத் தேவையில்லை ஐயா, கலியாண வீட்டுக்குத் தேவை. மகள் எண்டு எழுதோணும், அக்கா சாட்சி வைக்கோணும். இல்லாட்டி அவள் ஆரின்ர பிள்ளையாக் கோவில்படி ஏறுறது?"

திரேசம்மா அசையவில்லை. கையெழுத்தில்லாமலே இருவரும் எழும்பிப் போனார்கள்.

2. கோவிலில்

அந்த ஞாயிறு மாலை எங்கள் ஊர்ப் பங்குச் சுவாமி வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்ததால், இயேசு பிறப்பான நத்தாருக்கு ஆயத்த செபத்தை என்னிடம் விட்டிருந்தார். ஆள் தட்டுப்பாடு அவ்வளவு! வாசகம், இயேசுவின் தலைமுறை அட்டவணை. ஆபிரகாமில் தொடங்கி, இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று போகும். எனக்குப் பழகின வேலைதானே என்று நெஞ்சை நிமிர்த்தினேன். தாவீதரசர்வரை சுகமாகப் போனேன். செருபாபேலில் நாக்குப் புரண்டது, முன்வரிசை வாங்கில் சிரிப்பு. ஒருவாறு மரியாவின் கணவர் சூசையப்பரிடம் வந்து சேர்ந்தேன். அங்கே 'பெற்றார்' நின்றுவிடுகிறது. சூசையப்பர் பெற்றதாக இல்லை. மரியாவிடம் பிறந்ததாகத்தான் இருக்கிறது.

கண்ணி அறுந்த இடம்! என் தலை தானாக நிமிர்ந்தது. கண்ணாடிக்கு மேலால் சபையைப் பார்த்தேன்.

"விளங்கிச்சோ? ஆட்சேபணை ஏதும் இருக்கோ?"

கோவில் முழுக்கச் சிரிப்பு. "கையெழுத்து எங்க வைக்கிறது, கிளாக்கர்?" என்றது பின்வரிசை.

திரேசம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

"எனக்கு இருக்கு. சூசையப்பர் பெறேல்லையெண்டால், அவற்ற பாட்டன் பூட்டன் பேரெல்லாம் என்னத்துக்கு வாசிச்சனீர்?"

என் கந்தோர் மூளைதான் கைகொடுத்தது.

"அக்கா, தாவீதின்ர வம்சம் சூசையப்பர் வழியாத்தான் பிள்ளைக்கு வருது. அவர் தன்ர பிள்ளையா ஏற்றுப் பேர் வைச்சார். வேற உறுதி இல்லை."

"பேர் வைச்சாப் போதுமோ?"

"ஆண்டவருக்குப் போதுமாயிருந்திருக்கு."

முன்வரிசையில் இருந்த அருளப்பர் திரும்பாமலே கேட்டார்: "அக்கா, ஜெனிற்றாவை ஞானஸ்நானத்துக்குக் கையில ஏந்திப் பேர் சொன்னது ஆர்?"

"நான்தானடா" என்று சொல்லிவிட்டு திரேசம்மா உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை இருவரும் கந்தோருக்கு வந்தார்கள். "எனது மகள் ஜெனிற்றா" என்று வாசித்துவிட்டு, வழக்கம்போல ஆட்சேபணை கேட்க வாய் திறந்தேன்.

"போதும் தம்பி, பேனையைத் தாரும்" என்றார் திரேசம்மா.

இப்போதும் சுவாமி எனக்கு வாசகம் தரும்போது, "வாசிச்சுப்போட்டு இறங்கும், கேள்வி கேளாதையும்" என்கிறார். சரி. ஆனால் கந்தோர் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது வேறு: கண்ணி அறுந்த இடத்தைக் கண்டால் உடனே பிழை என்று கோடு போடாதேயுங்கோ. அந்த இடத்தில் யாராவது ஒருவர், 'இது என்ர பிள்ளை' என்று சொல்லியிருக்கிறாரா என்று முதலில் கேளுங்கோ.